ஓட்டத்துக்கு முன்னால் வாழைப்பழம்

எங்கள் ஊரில் ஒருநாள் விடாமல் உடற்பயிற்சி செய்கிற ஜீவன் நாய்தான். ராஜபாளையத்து நாயென்றால் அதற்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. விடிந்ததும் எங்கள் தெருவில் ஒருவர் பைக்கை உருட்டுகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வருவார். இடது கையில் சங்கிலி. சங்கிலியின் முனையில் வெள்ளை நாய் நாக்கைத் தொங்கப்போட்டு ஓடிவரும். பெட்ரோல் டேங்க் மேல் அவருடைய மகன் உட்கார்ந்து, பிஸ்கட்டைப் பிரித்து நடுவில் இருக்கிற கிரீமை மட்டும் நக்கிக்கொண்டிருப்பான். நாய் நின்றுவிட்டால் அவர் நாக்கை மடித்து 'ட்ச் ட்ச்' என்று ஒரு சத்தம் கொடுப்பார். நாய் மறுபடி ஓடும். ஓடாவிட்டால் நாய்க்கு உடம்பு கெட்டுவிடும் என்று அவருக்குக் கவலை. மகனைப் பற்றி அந்தக் கவலை கிடையாது. அவனைக் காலையில் என் வேனில் ஏற்றிவிடுவார்கள்.

"தொந்தரகா ரா நானா!" என்று அவன் அம்மா வாசலில் நின்று தெலுங்கில் விரட்டுவார். சீக்கிரம் வாடா கண்ணு என்று அர்த்தம். அவன் ஒருநாளும் சீக்கிரம் வந்ததில்லை. அவன் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் ஐந்தாறு தெருதான். நடந்தால் வேனுக்கு முன்னால் போய்விடலாம். ஆனால் அதை நான் ஏன் சொல்லப்போகிறேன்? பிள்ளைகள் நடந்தால் என் பிழைப்பு என்ன ஆவது?

பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையோடு எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் உறவு முறிந்தது என்று சந்தோஷப்பட்டவன் நான். இப்போது தினமும் இரண்டு வேளை பள்ளிக்கூடம் போகிறேன். ஒரே வித்தியாசம், இப்போது நான் போகவில்லை என்றால் ஒரு வேன் நிறையப் பிள்ளைகளுக்கும் லீவு. படிக்கிற காலத்தில் இந்த மரியாதையைக் கொடுத்திருந்தால் நானும் ஒழுங்காகப் போயிருப்பேன்.

நான் வேன் ஓட்டுகிற ஆரம்பப் பள்ளிக்கு மைதானம் உண்டு. சேர்க்கை நேரத்தில் ஒட்டுகிற போஸ்டரில் 'விசாலமான விளையாட்டுத் திடல்' என்று போடுவார்கள். பொய் இல்லை, விசாலம்தான். நாங்கள் எல்லா வேனையும் அதில்தான் நிறுத்துகிறோம். அங்கே ஒரு பி.டி. சார் இருக்கிறார். கழுத்தில் விசில் தொங்கும். அவருடைய பி.டி. பீரியடை எப்போதும் கணக்கு மிஸ் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததில்லை. அதனால் சார் காலையும் மாலையும் வேன்களுக்கு ரிவர்ஸ் காட்டுவார். அந்த விசிலுக்கு ஓடிய பிள்ளைகளைவிடப் பின்பக்கமாக வந்த வேன்கள்தான் அதிகம்.

என் அக்கா மகள் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படிக்கிறாள். எனக்கு மருமகள் முறை. ஈர்க்குச்சி மாதிரி இருப்பாள். நடந்து போகிற பழக்கமே அவளுக்குக் கிடையாது. கடைக்கு அனுப்பினால் ஓட்டம். தண்ணீர் வருகிறதா என்று குழாயைப் பார்த்துவிட்டு வரச் சொன்னால் ஓட்டம். அடிக்கப் போனாலும் ஓட்டம், கொஞ்சக் கூப்பிட்டாலும் ஓட்டம். ஆனால் பள்ளிக்கூடத்துக்கு மட்டும் என் வேன்தான். அது என் அத்தான் போட்ட உத்தரவு. அத்தான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர், பட்டாளத்தில் ஹவில்தார். "நான் எல்லையில கெடந்து குளிர்ல வெறைக்கிறது எதுக்கு? எம்மவ தெருவுல நடந்து போறதுக்கா?" என்று கேட்பார். நியாயமான கேள்விதான்.

ஒருநாள் பெற்றோர் வாட்ஸப் குழுவில் பள்ளியிலிருந்து ஒரு அறிவிப்பு வந்தது. ஆரோக்கிய வாரம் கொண்டாடப் போகிறார்களாம். பிள்ளைகளின் உயரம், எடை பார்ப்பார்களாம். அன்றைக்கே மைதானத்தைச் சுற்றி உடற்தகுதி ஓட்டம். அதில் தேறுகிறவர்களில் நான்கு பேரை ஸ்ரீவில்லிபுத்தூரில் நடக்கிற விளையாட்டு விழாவுக்குத் தொடர் ஓட்டத்துக்கு அனுப்புவார்களாம்.

மருமகள் அதை அக்காவின் போனில் எழுத்துக்கூட்டி வாசித்தாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பூரிக்கட்டை அதன் இடத்தில் இருந்ததில்லை. அதை வலது கையில் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து அடுப்படிவரை ஓடுவாள். எதிரில் யார் இருந்தாலும் அவர்கள் கையில் திணிப்பாள்.

"மாமா, பிடி! பிடிச்சிட்டு ஓடு!"

"ஏட்டி, சோறு தின்னுக்கிட்டு இருக்கேன்."

"ரிலேல சோறெல்லாம் கெடையாது மாமா. ஓடு!"

நான் இடது கையில் பூரிக்கட்டையோடு உட்கார்ந்து சாம்பார் சாதம் தின்றிருக்கிறேன். அவளுக்கு ஆசையெல்லாம் ஒன்றே ஒன்று. அந்த நான்கு பேரில் ஒருத்தியாக ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும். நிஜமான கட்டையை ஒரு தடவை வாங்கி ஓடிக் கொடுக்க வேண்டும். ஜெயிப்பதைப் பற்றி அவள் பேசி நான் கேட்டதில்லை.

அந்த நேரம் பார்த்து அத்தான் லீவில் வந்து இறங்கினார். வந்ததும் வராததுமாக போனை வாங்கி அறிவிப்பை வாசித்தார். முகம் மாறிவிட்டது.

"ஏலே மாப்ள, இது செலக்‌ஷன்லா!"

எங்கள் தெருவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். வீட்டுக்கு ஒருத்தர் பட்டாளத்திலோ போலீசிலோ இருப்பார்கள். இல்லையென்றால் அதற்குப் போய்த் தோற்றுத் திரும்பியவர் இருப்பார். உயரம், எடை, ஓட்டம் என்று மூன்று வார்த்தையை ஒரே மூச்சில் சொன்னால் எங்கள் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான், பட்டாளத்துக்கு ஆள் எடுப்பு. எடை ஒரு கிராம் குறைந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பரிகாரமும் எங்கள் தெருவுக்குத் தெரியும். ஓட்டம் முடிந்ததும், எடை பார்க்கிற இடத்துக்குப் போவதற்குள், வயிறு முட்ட வாழைப்பழமும் தண்ணீரும். மெலிந்த பையன்கள் எல்லாம் அப்படித்தான் எடை ஏற்றிக்கொண்டு எந்திரத்தில் ஏறுவார்கள்.

நானும் ஏறியவன்தான். ஓட்டத்தில் தேறினேன், பழத்தின் புண்ணியத்தில் எடையிலும் தேறினேன். கடைசியில் நெஞ்சைச் சுற்றி டேப்பை வைத்து மூச்சை இழு என்றார்கள். இழுத்தேன். என் கண் இரண்டும் நன்றாக விரிந்தன. நெஞ்சு விரியவில்லை. அன்றிலிருந்து அத்தானுக்கு நான் நெஞ்சு விரியாத பயல்.

"அத்தான், அது சின்னப் பிள்ளைக பள்ளிக்கூடம். எடையை நோட்டுல எழுதி வச்சிக்கிடுவாங்க, அம்புட்டுதான்," என்றேன்.

"நெஞ்சு விரியாத பயலுக்கு செலக்‌ஷனைப் பத்தி என்னலே தெரியும்? எடைன்னு போட்டிருக்கான். சும்மாவா போடுவான்?"

"இவ எடையெல்லாம் ஒரு எடையா?" என்று அக்கா கூடச் சேர்ந்தாள். "காத்தடிச்சா சேத்தூர்ல போய் விழுவா."

ஆக, ஓடத் தெரிந்த பிள்ளைக்கு ஓட்டப் பயிற்சி தேவையில்லை, எடைப் பயிற்சிதான் தேவை என்று முடிவானது. பயிற்சி என்றால் தீனி. காலையில் முட்டை, இன்டர்வெல்லுக்கு சத்துமாவு உருண்டை, சாயங்காலம் நெய் ஊற்றிய பருப்புச் சாதம். ஓடினால் தின்றது கரைந்துவிடும் என்று வீட்டுக்குள் ஓடவும் தடை போட்டுவிட்டார். உடற்தகுதி ஓட்டத்துக்குத் தயாராகிற பிள்ளை நாற்காலியில் உட்கார வைக்கப்பட்டாள். ஒரு வாரத்தில் எடை கூடியது உண்மைதான். பிள்ளைக்கு இல்லை. அவள் மிச்சம் வைத்ததையெல்லாம் தின்ற அத்தானுக்கு.

அந்த நாள் வந்தது. மைதானத்திலிருந்து எங்கள் வேன்களையெல்லாம் வெளியே விரட்டினார்கள். மைதானத்தைப் பார்த்துப் பிள்ளைகளே ஆச்சரியப்பட்டார்கள். "சார், இது நம்ம ஸ்கூலா?" என்று ஒரு வாண்டு கேட்டான். ஆயில் சொட்டிய கறைகளுக்கு மேல் பி.டி. சார் சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார். வராந்தாவில் எடை எந்திரம். ஒரு டாக்டரம்மாவும் ஒரு நர்ஸ் அக்காவும் வந்திருந்தார்கள்.

அத்தான் கேட்டுக்கு வெளியே என் வேன் பக்கத்தில் நின்றார். கையில் துணிப்பை. பைக்குள் கற்பூரவள்ளி வாழைப்பழச் சீப்பு ஒன்று, தண்ணீர் பாட்டில் ஒன்று. திட்டம் சுத்தமாக இருந்தது. முதலில் ஓட்டம், பிறகு பழம், பிறகு எடை. பட்டாளத்தில் அப்படித்தான்.

அப்போது பி.டி. சார் மைக்கில் சொன்னார். "முதல்ல எடை பாக்குறோம். பொறவு ஓட்டம். மூணாம் வகுப்பு லைனா வாங்க."

அத்தான் அதிர்ந்துபோனார். "என்னலே இது, தலைகீழா வைக்கான்? எங்கயுமே ஓட்டம்தான முதல்ல?"

"இது வேற ரெஜிமெண்ட் அத்தான்," என்றேன்.

அவர் காதில் விழவில்லை. கேட் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று மகளைக் கூப்பிட்டார். அவள் ஓடிவந்தாள். கம்பி இடைவெளி வழியாகப் பழத்தை உரித்து உரித்து நீட்டினார். மிருகக்காட்சி சாலையில் குரங்குக்குக் கொடுக்கிற மாதிரிதான் இருந்தது, ஆனால் இங்கே யார் உள்ளே யார் வெளியே என்று எனக்குக் குழப்பம்.

"அப்பா, போதும்பா."

"இன்னும் ஒண்ணு பாப்பா. எடையில போயிட்டா அம்புட்டும் போச்சு."

"வயிறு முட்டிருச்சுப்பா."

"தண்ணிய குடி, எறங்கிரும்."

எறங்கியது. எந்திரத்தில் ஏறினாள். நர்ஸ் அக்கா எடையைப் பார்த்துவிட்டுப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "என்ன பாப்பா, வயிறு கல்லு மாதிரி இருக்கு?"

"பழம்," என்றாள்.

"காலையில பழம் சாப்பிட்டியா? நல்ல பழக்கம்," என்று டாக்டரம்மா பாராட்டிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார். எடை குறைந்தவர்கள், கூடியவர்கள் யாரையும் வீட்டுக்கு அனுப்பவில்லை. எல்லாருக்கும் பூச்சி மாத்திரை ஒன்று கொடுத்து ஓட்டத்துக்கு அனுப்பினார்கள்.

விசில் ஒலித்தது. ஒரு வேனும் பின்னால் வரவில்லை, பிள்ளைகள் முன்னால் ஓடினார்கள். அதைப் பார்க்க பி.டி. சாருக்கே கண் கலங்கியிருக்கும். முதல் சுற்றில் எங்கள் வீட்டுப் பிள்ளைதான் முன்னால். இரண்டாவது சுற்றில் கை வயிற்றுக்குப் போனது. கடைசிச் சுற்றில் பாதியில் நின்றாள். சுவரைப் பிடித்தாள். கற்பூரவள்ளி முழுவதும் திரும்பி வந்தது. தாங்கிப் பிடிக்க ஓடிவந்த பி.டி. சாரின் வெள்ளை ஷூவும் அதில் பங்கு பெற்றது.

வேனிலேயே வந்து பழகிய பிள்ளைகளில் பாதிப்பேர் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள். முழுதாகச் சுற்றி முடித்தது நாலே பேர். நாலாவது ஆள் யார் தெரியுமா? நம்ம கிரீம் பிஸ்கட் பையன். அவன் ஓடவே இல்லை. வேடிக்கை பார்த்துக்கொண்டே நடந்தான். மற்றவர்கள் எல்லாம் தண்ணீர் குடித்து முடித்த பிறகு வந்து சேர்ந்தான்.

"சார், நான் பாஸா?"

"முடிச்சிட்டல்ல, போ," என்றார் சார், ஷூவைக் கழுவிக்கொண்டே.

அத்தான் உள்ளே போய்விட்டார். "சார், எம்மவ தோக்கல. பழத்துல மாட்டிக்கிட்டா. ரீ-மெடிக்கல் உண்டுல்லா?"

"என்ன மெடிக்கல்?"

"அப்பீல் சார். மறுபடி ஒரு சான்ஸ். எங்க டிபார்ட்மெண்ட்ல உண்டு."

"இது என்ன மிலிட்டரியா சார்? எடை பாக்க வந்த பிள்ளைக்கு யார் சார் சீப்புப் பழத்த ஊட்டுறது?"

எல்லையில் எத்தனையோ பார்த்த அத்தான், அந்தக் கேள்விக்கு முன்னால் தலையைச் சொறிந்தார். வேனில் வீட்டுக்கு வரும்போது நான் ஒரு கிண்டல்கூடப் பண்ணவில்லை. எனக்கே அது புதுசாக இருந்தது. சாயங்காலம் மருமகள் பூரிக்கட்டையை எடுத்தாள். யாரிடமும் நீட்டவில்லை. அடுப்படிக்குக் கொண்டுபோய் அதன் இடத்தில் வைத்துவிட்டு வந்து ஹோம் வொர்க் எழுத உட்கார்ந்தாள். அக்கா அன்றைக்குப் பூரி சுடலாம் என்று சொன்னாள். யாரும் வேண்டும் என்று சொல்லவில்லை.

பி.டி. சார் கொடுக்காத சான்ஸை வெயில் கொடுத்தது. இரண்டு நாள் கழித்து, எனக்கு ரிவர்ஸ் காட்டிக்கொண்டே சார் புலம்பினார். தேறிய நாலு பேரில் ஒரு பெண் பிள்ளையை அவள் அம்மா அனுப்ப மாட்டேன் என்றுவிட்டாராம்.

"அடுத்த மாசம் அவ சித்தி கல்யாணமாம்லே. வெயில்ல ஓடுனா பிள்ளை கறுத்துருமாம். போட்டோவுல நல்லாருக்காதாம். வா, வா, ஒடி, ஒடி… நான் இப்ப எங்க போவேன் ஒரு ஆளுக்கு? மறுபடி ஒரு ஓட்டம்தான் வைக்கணும்."

"எப்ப சார்?"

"வர்ற வெள்ளிக்கிழம. ஏலே, பிரேக்கைப் பிடி!"

பிடிக்கத் தவறி சுவரில் லேசாக உரசிவிட்டேன். நல்ல சேதி கேட்கிற நேரத்தில் பின்னால் யார் பார்ப்பார்கள்?

அத்தான் உடனே புதுத் திட்டம் போட்டார். பழம் கிடையாது என்பதை மட்டும் ஒத்துக்கொண்டார். விடியற்காலையில் எழுந்து தம் கட்டி ஓட வேண்டும், முதுகில் பை மாட்டி ஓட வேண்டும் என்று அடுக்கினார். மருமகள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "மாட்டேன்பா" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள். அவளிடம் வேறு திட்டம் இருந்தது. அது மறுநாள் காலை வேனில்தான் எனக்கே தெரிந்தது.

எங்கள் பள்ளி மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஒரு மில் காம்பவுண்டு சுவரை ஒட்டிய நீளமான சந்தின் முடிவில் இருக்கிறது. அந்தச் சந்துக்குள் எங்கள் வேன்களைத் தவிர வேறு வண்டி வராது. எங்கள் வேன்களும் வராது, நிற்கும். ஒன்று உள்ளே போய்ப் பிள்ளைகளை இறக்கித் திரும்பினால்தான் அடுத்தது நகரும். சந்து முனையில் வரிசையில் நின்றால் ஒரு டீ குடித்து, அதன் கடனையும் சொல்லிவிட்டு வரலாம்.

"மாமா, இங்கயே இறக்கி விடு. நீ வர்றதுக்குள்ள நான் ஓடிப் போயிருவேன்."

"ஏட்டி, கெட கெட. ஹெச்.எம். மேடம் பாத்தா என்னையத் தொங்க விட்டுரும்."

"பந்தயம் மாமா. நீ ஜெயிச்சா நான் ஒரு வாரம் உன்னைய ஓட்டமாட்டேன்."

பந்தயம் என்று வந்த பிறகு ஒரு டிரைவர் என்ன செய்வான்? கதவைத் திறந்துவிட்டேன். அவள் பையை சீட்டில் எறிந்துவிட்டு மில் சுவரை ஒட்டிப் பறந்தாள். நான் கேட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் படிக்கட்டில் உட்கார்ந்து ஷூவில் கல் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன மாமா, பஞ்சரா?"

மறுநாள் அவளோடு இன்னும் ரெண்டு பேர் இறங்கினார்கள். அதற்கு மறுநாள் வேனே இறங்கிவிட்டது. கிரீம் பிஸ்கட் பையன்கூட இறங்கி, நெஞ்சில் கை வைத்துக்கொண்டு ஓடினான். நான் மட்டும் காலி வேனில் புத்தகப் பைகளை ஏற்றிக்கொண்டு பின்னால் ஊர்ந்து போனேன். ராஜபாளையத்தில் பைகளுக்கு மட்டும் சர்வீஸ் நடத்திய ஒரே வேன் என்னுடையதுதான்.

ஸ்கூட்டியில் வந்த ஒரு அம்மா அதைப் பார்த்துவிட்டார். வாட்ஸப் குழுவில் போட்டோ போய்விட்டது. மத்தியானமே மேடம் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மேடம் பின்னால் சுவரில் 'ஓடி விளையாடு, நோயை விரட்டு' என்று ஆரோக்கிய வாரத்து பேனர் தொங்கியது.

"தம்பி, உன் வேன் பிள்ளைங்க எல்லாம் வேர்த்துப் போய் கிளாசுக்கு வர்றாங்கன்னு கம்ப்ளைண்ட். பேரண்ட்ஸ் கேக்குறாங்க, வேன் எதுக்குன்னு."

"ஓடுனா வேர்க்கும்லா மேடம்," என்று பேனரைப் பார்த்தபடி சொன்னேன்.

"ஓடுறதெல்லாம் ஆரோக்கிய வாரத்துல. அது போன வாரமே முடிஞ்சிருச்சு. இனிமே யாரையாவது நடுவுல இறக்கி விட்டா உன் வேன் இந்த ஸ்கூலுக்கு வேண்டாம்."

அன்று இரவுச் சாப்பாட்டில் விஷயத்தைச் சொன்னேன். மருமகள் முகம் சுருங்கியது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாள் இருந்தது. ஓடப் பழக அவளுக்கு வேறு இடம் இல்லை. மைதானத்தில் வேன்கள், தெருவில் பைக்குகள். அக்கா இட்லியைப் பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்ப அவ வேன்லயே ஏற வேண்டாம். நடந்தே போகட்டும். இங்கன இருக்கு ஸ்கூலு."

அத்தானுக்குப் புரை ஏறியது. "நடந்தா? எம்மவளா? பட்டாளத்துக்காரன் பிள்ளையை நடக்க விட்டுட்டான்னு ஊருல நாலு பேரு என்ன சொல்லுவான்?"

"நீங்க அங்க என்ன, கார்லயா போறீக?" என்றாள் அக்கா.

"அது டூட்டி."

"இதுவும் டூட்டிதான்னு வச்சுக்கோங்க."

"அப்பா, நீயும் என்கூட வா," என்றாள் மருமகள். "நடக்கிறது இல்லப்பா. ரூட் மார்ச்."

அந்தப் பட்டாளத்து வார்த்தையை அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது யார் என்று அத்தான் என்னைப் பார்த்தார். நான் சட்னியைப் பார்த்தேன்.

நடை என்றால் கேவலம், ரூட் மார்ச் என்றால் கௌரவம். மறுநாள் காலை அத்தான் பட்டாளத்து டிராக் பேண்ட், பூட்ஸ், தொப்பி எல்லாம் மாட்டிக்கொண்டு இறங்கினார். பயிற்சி என்று பார்க்கிறவனுக்குத் தெரிய வேண்டுமே. தெரு முனை வரைக்கும் மிடுக்காகத்தான் போனார். அங்கேயிருந்து அவள் ஓட ஆரம்பித்தாள். லீவில் வந்ததிலிருந்து ஆட்டுக்கறியும், மகள் மிச்சம் வைத்த நெய்ச் சாதமும் பார்த்துக்கொண்ட உடம்பு அவருடையது. நான் சந்து முனையில் வரிசையில் நிற்கும்போது மருமகள் காற்று மாதிரிக் கடந்து போனாள். செத்த நேரம் கழித்து அத்தான் வந்தார். தொப்பி கையில். என் வேன் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றார். மூச்சு புஸ்ஸு புஸ்ஸென்று வந்தது.

இதற்காகத்தான் நான் இத்தனை வருஷம் காத்திருந்தேன்.

"அத்தான், நெஞ்சு விரியுதா?"

"போலே… பொறவு… பொறவு பேசுதேன் ஒன்னைய," என்றார். பேசவில்லை. ஆனால் மறுநாளும் வந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், வேன்கள் கிளம்பிய பிறகு, அன்றைக்குப் பாதியில் உட்கார்ந்த பிள்ளைகளில் விருப்பப்பட்ட மூன்று பேரை பி.டி. சார் ஓடச் சொன்னார். எங்கள் பிள்ளை முன்னால் போனாள், முன்னாலேயே இருந்தாள், முன்னாலேயே முடித்தாள். அத்தான் கேட்டுக்கு வெளியே வெறுங்கையோடு நின்றார். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பின்னால் கட்டினார், முன்னால் கட்டினார். பி.டி. சார் புது ஷூவோடு பத்தடி தள்ளியே நின்றுகொண்டு, "நாலாவது ஆள் நீதான்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் பூரிக்கட்டை மறுபடி என் சோற்றுத் தட்டுக்கு வந்துவிட்டது.

விழாவுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அத்தானின் லீவு முடிந்தது. ஸ்டேஷனில் சென்னை ரயிலுக்கு நிற்கும்போது பெட்டியில் அக்கா வைத்த பழச் சீப்பை எடுத்து வெளியே வைத்தார். "வழியில ஆகாது," என்றார். மகளிடம், "கட்டைய விட்டுராத பாப்பா, இறுக்கிப் பிடி," என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை நான்தான் நாலு பேரையும் பி.டி. சாரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கூட்டிப்போனேன். மைதானத்தின் மேற்கே மலை தெரிந்தது, கிழக்கே கோபுரம். சிறப்பு விருந்தினர் வர நேரமானதால் பிள்ளைகள் வெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர் வந்து, பிள்ளைகள் இனிப்பைக் குறைக்க வேண்டும், வீட்டுக்குள் உட்கார்ந்தே இருக்கக் கூடாது என்று நீளமாகப் பேசினார். அது முடிகிறவரைக்கும் எல்லாரும் உட்கார்ந்தே இருந்தார்கள்.

தொடர் ஓட்டம் ஆரம்பித்தது. எங்கள் முதல் ரெண்டு பிள்ளைகளும் பாவம், கடைசியாகத்தான் கொண்டுவந்தார்கள். மூன்றாவது எங்கள் வீட்டுப் பிள்ளை. நீல நிறக் கட்டை அவள் கைக்கு வந்ததும் ஒரு நொடி அதைப் பார்த்தாள். பூரிக்கட்டை இல்லை என்று உறுதி செய்துகொண்டாளோ என்னவோ. பிறகு ஓடினாள். ஒரு பெண்ணை முந்தினாள். இன்னொருத்தியின் தோள்வரைக்கும் போய்விட்டாள். அங்கே நாலாவதாகக் கையை நீட்டிக்கொண்டு நின்றது கிரீம் பிஸ்கட் பையன்.

கட்டையை வாங்கினான். வாங்கியதும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"ஓடுலே!" என்று பி.டி. சார் விசிலை ஊதினார். அந்த விசிலுக்கு அவன் பின்பக்கம்தான் போவான் என்று எனக்குப் பயம். அப்போது கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது.

"ட்ச் ட்ச்!"

அவன் அப்பா. பதற்றத்தில் நாக்கு தானாக மடிந்திருக்கிறது. எத்தனையோ காலைகள் பெட்ரோல் டேங்க் மேல் உட்கார்ந்து கேட்ட சத்தம். பையன் விழுந்தடித்து ஓடினான் பாருங்கள், கன்னம் ரெண்டும் குலுங்க! யாரையும் முந்தவில்லை. ஆனால் பின்னால் இருந்தவனையும் முந்த விடவில்லை. கடைசிக்கு முந்தின இடம் எங்களுக்கு. கோப்பை கிடையாது. ஊர் வழக்கப்படி, இனிப்பைக் குறைக்கச் சொன்ன அதே மேடையிலிருந்து எல்லாருக்கும் பால்கோவா கொடுத்தார்கள்.

திரும்பி வரும்போது நாலு பேரும் சீட்டெல்லாம் பால்கோவாவை அப்பிவிட்டு, யாரால் தோற்றோம் என்று சண்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். ராஜபாளையத்துக்குள் நுழைந்ததும் ரயில்வே கேட் போட்டுவிட்டான். அப்போதுதான் அத்தானுக்கு அங்கே போன் சிக்னல் கிடைத்து என்னைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"பாப்பா, ரிசல்ட் என்ன?"

"கடைசிக்கு முந்தி அப்பா."

"கட்டைய விட்டியா?"

"விடல. வாங்கினேன், ஓடினேன், குடுத்தேன். ஒருத்தியை முந்தினேன்."

"பெறகென்ன! அம்புட்டுதான வேணும்." குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மறைக்கிறதுக்காகக் கேட்டார், "அங்க எடை கிடை பாத்தாங்களா?"

"இல்லப்பா. நீ அங்க தினமும் ஓடுதியா?"

"ஓடாம? இப்பல்லாம் நான்தான் முதல்ல நிக்கேன்."

"நாளைக்கும் ஓட்டமா?"

"ஆமா பாப்பா. ஓட்டமும் உண்டு, மெடிக்கலும் உண்டு."

"அப்பா, அப்ப முதல்ல எடையா ஓட்டமான்னு யார்ட்டயாவது கேட்டுக்கோ," என்றாள் மருமகள். "கேட்டுட்டுப் பொறவு பழத்தைத் தின்னு."

பி.டி. சார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. ரயில் போய், கேட் திறந்ததை நானும் கவனிக்கவில்லை. பின்னால் இருந்த பஸ்காரன் ஹாரனை அழுத்தி, வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிய பிறகுதான் வண்டியை எடுத்தேன்.